ஈரத்துக்குக் கழிவு

என் முதலாளிக்கு மார்ஜின் என்றால் லாபம். எனக்கு மார்ஜின் என்றால் யாரும் தொடக்கூடாத மிச்சம். ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஆபீசில் எதிரும் புதிருமாக வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். அதனால் அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனது என் தங்கச்சிக்கு.

முதலாளி குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். கீழே ஷீட் கடை, மேல்மாடியில் எங்கள் இன்டர்நெட் ஆபீஸ். புகைபோட்ட ஷீட்டின் வாடை ஏசியையும் தாண்டி மேலே வரும். முன்பு கேபிள் டிவி நடத்தியவர், பைபர் வந்த பிறகு மலையடிவார ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தார். அதற்குப் பிளானிங் பார்க்க ஒரு என்ஜினீயர் வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா இறந்ததும், மூத்த மகள் என்று அம்மாவுக்குத் துணையாக ஊர் திரும்பியிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊருக்கு இருந்த கவலையில் பாதி எனக்கு இருந்திருந்தால் ஆகியிருக்கும்.

என் வேலை கணக்குப் போடுவது. ஆபீஸ் பெட்டியிலிருந்து கிளம்புகிற வெளிச்சம், தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழைக்குள் ஓடி வீடுகளுக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான், ஆனாலும் வெளிச்சம். வழியெல்லாம் அது தேய்ந்துகொண்டே போகும். கிலோமீட்டருக்கு இவ்வளவு, இழையோடு இழை ஒட்டிய இடத்துக்கு இவ்வளவு, கனெக்டருக்கு இவ்வளவு. எல்லாவற்றையும்விடப் பெரிய தின்னி ஸ்பிளிட்டர். ஒரு இழையில் வருகிற வெளிச்சத்தை இரண்டாகவோ நாலாகவோ எட்டாகவோ பங்குபோட்டு வெவ்வேறு வீடுகளுக்கு அனுப்புகிற சின்ன டப்பா அது. இந்த இழப்பையெல்லாம் டெசிபல் என்ற அளவில் வரிவரியாகக் கூட்ட வேண்டும். எங்கள் பெட்டி இருபத்தெட்டு வரை தாங்கும். அதைத் தாண்டினால் கடைசி வீட்டு மோடத்துக்கு வெளிச்சம் தெரியாது, சிவப்பு விளக்கு மினுங்கும். அந்த இருபத்தெட்டைத்தான் பவர் பட்ஜெட் என்கிறோம்.

டெசிபலில் ஒரு கள்ளத்தனம் உண்டு. அதில் மூன்று என்றால் பாதி. இருபத்தெட்டில் மூன்று போனால் இருபத்தைந்து கிடக்கிறதே என்று மனசு சொல்லும். உண்மையில் கையிலிருந்த வெளிச்சத்தில் சரிபாதி போயிருக்கும். இதைப் படித்தவர்களுக்குப் புரியவைக்கவே நேரமாகும்.

வெளிச்சம் தேய்வதோடு நிற்பதில்லை, ஓடுகிற ஓட்டத்தில் கொஞ்சம் கலங்கவும் செய்யும். ஒரு துடிப்பு அடுத்த துடிப்பின் மேல் ஏறும். கனெக்டரில் மோதிக் கொஞ்சம் திரும்பி வரும். கலங்கி வருவதைப் பிரித்தறிய மோடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தேவை. அதற்காகத் தள்ளிவைப்பதுதான் பெனால்ட்டி. எல்லாம் போக, கடைசியில் ஒரு மூன்றைத் தொடாமல் வைப்போம். மழை, ஈரம், கேபிளில் விழும் கொம்பு, அறுந்து மறுபடி ஒட்டும் இடம், இதற்கெல்லாம் சேர்த்து அந்த மூன்று. அதன் பெயர் மார்ஜின்.

முதல்முதலாகப் போட்ட கணக்கை முதலாளியிடம் காட்டியபோது, அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெனால்ட்டியில் வந்து நின்றார்.

"பெனால்ட்டியா? நாம என்ன தப்பு செய்தோம், பெனால்ட்டி கெட்ட?"

"இது அபராதம் இல்ல முதலாளி. நீங்க ஷீட்டு எடுக்கும்போ ஈரத்துக்குன்னு எடையில கழிப்பியல்லா? அதே கழிவாக்கும் இதுவும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது நான் கழிக்கியது. இதுல எனக்கிட்டேருந்துல்லா கழிச்சிருக்கு, மக்ளே."

அடுத்த வரியில் மார்ஜின் மூன்று என்றிருந்தது. அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இது கொள்ளாம். மார்ஜின் மூணு. இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமான்னு பாரு."

அது அவருக்குக் கிடைக்கிற மூன்று இல்லை, வெளிச்சத்துக்குக் கிடைக்கிற மூன்று என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஷீட் கொண்டுவருகிறவர்கள் விலையைப் பற்றிப் புலம்பும்போதும் அவர் அப்படித்தான் தலையாட்டுவார் என்பதை அப்போது நான் கவனித்திருக்கவில்லை.

எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் போகும் ரோட்டில், ரப்பர் தோட்டங்களைத் தாண்டி ஒரு இறக்கத்தில் இருக்கிறது. செல்போனுக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கிணற்றை ஒட்டிய பலா மரத்தடியில் நின்றால் ஒரு புள்ளி கிடைக்கும். வேறு கம்பெனி லைன் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை. மலைப்பக்கத்து லைனில் எங்கள் வீடுதான் கடைசி. என் வீடு என்பதற்காக நான் ஒரு சொட்டு வெளிச்சம் கூட்டிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் போட்ட கணக்குத்தான், எல்லாம் போக மூன்றே முக்கால் மிச்சம்.

அந்த லைன் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் தங்கச்சி வந்து சேர்ந்தாள். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் நிரந்தரச் சம்பளக்கார மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு மத்தியானம் கையில் ஒரே ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு காதில் கம்மல் இருந்தது, இன்னொரு காது வீங்கியிருந்தது. யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா கேட்டாள். "நீ என்ன சொன்னே அவன்கிட்ட?"

அடித்தவனை விட்டுவிட்டு அடிவாங்கியவளிடம் விசாரணை. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளரை முற்றத்தில் எறிந்தேன். அதுவும் என் தங்கச்சியின் கணக்கில்தான் சேர்ந்தது. அவள் வந்த நேரம் வீட்டில் சண்டை என்றாள் அம்மா. "ஒண்ணு தாலி கெட்டாம இருக்கு, ஒண்ணு கெட்டியும் இங்க இருக்கு" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பேசித் தீர்க்க வந்தார். நடு அறையில் உட்கார்ந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவளுக்குன்னு ஒரு சம்பாத்தியம் உண்டும்னா இருக்கட்டும். இல்லேன்னா அவன் வந்து விளிக்கும்போ போவணும்." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நாளைக்கு ஒனக்கொரு கல்யாணம் ஆனா?" என்றார். தங்கச்சியும் என் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒப்பவில்லை. "ஒஞ் சோத்தைத் தின்னுட்டு இருந்தா அம்மை ரெண்டு பேரையும் கரிச்சுக்கொட்டுவா அக்கா, வேண்டாம்" என்றாள். அவள் நர்சிங் படித்தவள். எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடைத்திருக்கும். ஆனால் சர்டிபிகேட் எல்லாம் அவன் பீரோவில், சாவி அவன் இடுப்பில்.

சர்டிபிகேட் கேட்காமல் பரீட்சை மட்டும் வைத்து ஆள் எடுக்கிற வேலை ஒன்றை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். இங்கிலாந்து டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவுசெய்வதைக் கம்ப்யூட்டரே எழுதிவிடும். அது எழுதியதைக் குரலோடு ஒத்துப்பார்த்து, மருந்துப் பெயரும் நோயின் பெயரும் மாறிப்போகாமல் திருத்துவது இவள் வேலை. நோயாளிகளின் விவரம் என்பதால் நிபந்தனைகள் கடுமை. தனி அறை வேண்டும். உள்ளே வேறு ஆள் இருக்கக்கூடாது. வீட்டுக்கு வரும் கேபிள் லைனில்தான் செய்ய வேண்டும். அடிக்கடி லைன் நின்றால் வேலை போகும். அங்கே பொழுது விடிகையில் இங்கே மத்தியானம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவாள்.

அறைக்கு உள்ளிருந்து தாழ் போடும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். கட்டிக்கொடுத்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ் போட அவளுக்கு அனுமதி இருந்ததில்லையாம், குளிக்கும்போதுகூட. அதை அவள் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்.

மெல்ல மெல்லப் பழைய குரல் திரும்பியது. "அக்கா, இண்ணைக்கு ஒரு டாக்டரு தும்மியதையும் சேத்துப் பதிஞ்சிருக்காரு. கம்ப்யூட்டரு அதை ஒரு மருந்துன்னு எழுதி வச்சிருக்கு" என்று சிரித்தாள். அம்மாகூட மாறினாள். தன் சுகர் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டி அர்த்தம் கேட்டாள். "எளையவ இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்கு எழுதுதா" என்று ஊரில் சொல்லிக்கொண்டாள். வைகாசி பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை அந்த வருஷம் பலமாகப் பெய்தது. வழியிலுள்ள இணைப்புப் பெட்டிகளில் ஈரம் இறங்கி மலைப்பக்கத்து வெளிச்சம் இரண்டு டெசிபலுக்கு மேல் குறைந்ததை ஆபீஸ் திரையில் பார்த்தேன். தங்கச்சிக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வைத்திருந்த மூன்றிலிருந்து இரண்டை மழை எடுத்துக்கொண்டது, வெயில் வந்ததும் திருப்பித் தந்தது. மார்ஜின் ஒழுங்காக வேலை செய்தால் இப்படித்தான், அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

கெடுதல் வெயில் காலத்தில் வந்தது. அருவி பார்க்க வருகிறவர்களுக்காக எங்கள் ரோட்டில் ஒருவர் வரிசையாகக் காட்டேஜ் கட்டினார். எல்லாவற்றுக்கும் இன்டர்நெட் கேட்டார். முறையாகச் செய்வதென்றால் ஆபீசிலிருந்து அவருக்கென்று தனி இழை இழுக்க வேண்டும், அதைச் செருகப் பெட்டியில் புது போர்ட் எடுக்க வேண்டும். நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். பிறகு கொட்டாரம் என்ற ஊரில் ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து திரையைத் திறந்தால், மலைப்பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் மூன்றரை டெசிபல் காணோம். ஒரே நாளில், ஒரே அளவில், எல்லா வீட்டிலும். மழையோ மரமோ அப்படிச் சமமாக எடுக்காது. அது ஸ்பிளிட்டர் எடுக்கிற அளவு.

முதலாளி கீழே ஷீட்டைப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலைப்பக்கத்து லைன்ல என்ன செய்திய, முதலாளி?"

"என்னத்தைச் செய்ய? மார்ஜின் மூணு சும்மா கெடந்துதுல்லா. அதை எடுத்து காட்டேஜ்காரனுக்குக் குடுத்தாச்சு. ஒரு டப்பாதான் வச்சது. பைபரு இழுக்காண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அது சும்மா கெடக்கல்ல. மழைக்கு வச்சதாக்கும்."

"இப்பம் மழையா பெய்யுது? பச்சை லைட்டு எரியுதா, இல்லியா? அதைச் சொல்லு."

"எரியுது."

"பெறவென்ன? இருபத்தெட்டுல மூணு போச்சு. பாக்கி கெடக்குல்லா."

"மூணுன்னா பாதி, முதலாளி. அந்த லைன்ல இருந்த வெளிச்சத்துல பாதி போயாச்சு."

"பாதி போச்சுன்னா லைட்டு பாதியில்லா எரியணும்? முழுசா எரியுதே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மோடத்தின் பச்சை விளக்கு முழுசாகத்தான் எரியும், கடைசித் துளி இருக்கும்வரை முழுசாக எரியும், பிறகு ஒரேயடியாகச் சிவப்பாகும். நடுவில் மங்குவது என்பது அதற்குத் தெரியாது. இந்த ஒரு காரணத்தால்தான் நான் பொய் சொல்பவளாகவும் அவர் நிஜத்தைக் கண்டவராகவும் ஆனோம்.

"நாளைக்கு மழை விழுந்தா கடைசி வீட்டுல நிக்கும்" என்றேன்.

"கடைசி வீடு ஆருக்க வீடு?"

"எங்க வீடு."

ஷீட்டைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதானே பாத்தேன்" என்றார்.

அந்த இரண்டு சொல்லோடு என் படிப்பு, என் அனுபவம், என் கணக்கு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது என் வீட்டுக்காக நான் சொல்வதாகிவிட்டது. கடைசி வீடு வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். ஈரத்துக்குக் கழிக்காமல் ஒரே ஒரு ஷீட்டை எடுப்பீர்களா என்று கேட்டேன். "வியாபாரம் வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார்.

இடவப்பாதி வந்தது. எங்கள் பக்கத்து மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலை முழுக்க மலையில் கருக்கொண்டு நின்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இறங்கும். தங்கச்சி அறைக்குள் போகும் நேரமும் அதுதான். முதல் நாள் கால் மணி நேரம் நின்றது. அடுத்த நாள் மூன்று தடவை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து மோடத்தின் முன்னால் கையைப் பிசைந்தபடி நிற்பாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்கு ஓடுவாள். அங்கே நின்று போனில் தன் மேலதிகாரியிடம் "ஐ ஆம் சோ சாரி, ஐ ஆம் சோ சாரி" என்று இங்கிலீஷில் கெஞ்சுவது மழைச் சத்தத்தையும் மீறி அடுக்களைக்குக் கேட்கும். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வந்த பிறகு அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். கனெக்டர்களைக் கழற்றித் துடைத்தேன். ரப்பர் மரத்தில் யாரோ இறுக்கி வளைத்துக் கட்டியிருந்த கேபிளை அவிழ்த்துத் தளர்த்திவிட்டேன், வளைவில் வெளிச்சம் கசியும் என்பதால். லைன்மேனைக் கூட்டிவந்து இரண்டு ஒட்டுகளை வெட்டி மறுபடி ஒட்டவைத்தேன். எல்லாம் சேர்த்து முக்கால் டெசிபல் தேறியது. மழைக்கு இரண்டு வேண்டும். அந்த ஸ்பிளிட்டரைப் பிடுங்கி எறியக் கை பரபரத்தது. எறிந்தால் மறுநாளே திரும்ப வைப்பார்கள், என் வேலையும் போகும், பிறகு வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "அக்கா, இந்த லைனுக்கு நீ கணக்கு சரியாப் போட்டியா?"

"சரியாத்தாண்டி போட்டேன்."

"பெறவு ஏன் நிக்குது?"

சொன்னேன். இருபத்தெட்டு, மூன்று, பாதி, காட்டேஜ், டப்பா. "அப்போ எனக்குன்னு வச்சிருந்ததை வேற ஆருக்கோ எடுத்துக் குடுத்தாச்சு" என்றாள். முதல் தடவையிலேயே புரிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள் வெட்கத்தை விட்டு முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது வீங்கி வந்தது, மாமா விதித்தது, அந்த வேலை போனால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது. குடும்பத்து விஷயத்தை ஷீட் கடை மாடியில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்ததே என்று இன்றைக்கும் கூசுகிறது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். உண்மையாகவே இரக்கப்பட்டார். எனக்குச் சாயா வாங்கிவரச் சொன்னார்.

"பெண்ணு எத்தனை நாள் அம்மை வீட்டுல நிக்கும் மக்ளே? புருசன் வீட்டுக்குப் போறதுதானே அதுக்கும் நல்லது. சுசீந்திரம் பக்கம் எனக்கு ஆளுண்டு. வேணும்னா நான் அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசுதேன்."

எனக்கு வேண்டியிருந்தது ஒரு போர்ட். அவர் தரத் தயாராக இருந்தது ஒரு சமாதானம். "பைபரு எப்பம் இழுப்பிய?" என்று கேட்டேன். "மழை ஒண்ணு விடட்டும்" என்றார். மழை விட்ட பிறகு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாயாவைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஆடி பிறப்பதற்குள் வேலை போய்விட்டது. மிக மரியாதையான மெயில். அவளுடைய திறமையைப் பாராட்டி, இணைப்பின் தரம் காரணமாகத் தொடர முடியாததற்கு வருந்தி, எதிர்காலம் சிறக்க வாழ்த்தியிருந்தார்கள். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அம்மா சத்தம் போடவில்லை. பலா மரத்தடிக்குப் போய் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள்.

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தான். மழை விட்டு நல்ல வெயில். பேக்கரி டப்பாவும் ஒரு சீப்பு மட்டிப் பழமும் கொண்டுவந்திருந்தான். அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்து வைத்திருந்தாள். அவன் சிப்ஸைக் கொறித்துக்கொண்டே போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இங்க டவரே கிடையாதா? வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டான். அடுக்களை வாசலில் நின்ற தங்கச்சி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். காய்ந்த நாள் அல்லவா, லைன் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவன் அரைமணி நேரம் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்.

புறப்படும்போது அறைக்குள் அவளைப் பிடித்துக்கொண்டேன். "போவாண்டாம்டி. வேற ஏதாவது பாப்போம். நாகர்கோவில்ல வீடெடுத்து நாம ரெண்டு பேரும் இருப்போம்."

"அம்மையைத் தனியா விட்டுட்டா? நீ வருவியா?"

நான் பதில் சொல்ல ஒரு கணம் ஆனது. அந்தக் கணத்தில் அவள் என் கையை விலக்கிவிட்டாள்.

"சர்டிபிகேட்டை எடுக்கத்தான் போறேன்னு நெனச்சுக்கோ அக்கா" என்றாள். போகிறேன் என்று சொல்லவில்லை, நெனச்சுக்கோ என்றாள். கார் கதவை அவன்தான் திறந்து, அவள் ஏறியதும் அவனே சாத்தினான். அம்மா கையசைத்தாள். போய் இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் போனில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள்.

நான் இன்னும் அதே மாடியில்தான் வேலை பார்க்கிறேன். என் கணக்கில் இப்போது மார்ஜின் என்ற வரியே கிடையாது. கேபிளில் கொஞ்சம், ஒட்டில் கொஞ்சம், கனெக்டரில் கொஞ்சம் கூட்டிப்போட்டு அதை ஒளித்துவைக்கிறேன். முதலாளியின் கண்ணில் படுகிற மாதிரி எதையும் மிச்சம் காட்டுவதில்லை. படித்த வேலையைத் திருட்டு வேலையாகச் செய்யக் கற்றுக்கொண்டாயிற்று.

அவள் போன மறுநாள் மோடத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. முதலாளி மேஜையில் வைத்து, எங்கள் வீட்டு லைனை நிறுத்திவிடலாம், தங்கச்சி போய்விட்டாள் என்றேன்.

"நல்லதாச்சு மக்ளே" என்றார். "எல்லாம் சரியாவும்." பிறகு ஏதோ தோன்றி முன்னால் சாய்ந்தார். "ஒரு வீடு கொறஞ்சுதுல்லா, அப்போ அவளுக்குப் போன வெளிச்சம் மத்த வீட்டுக்காரனுக்குக் கூடுதலாக் கெடைக்கும், இல்லியா?"

"கெடைக்காது."

"அதென்ன, கெடைக்காது?"

ஸ்பிளிட்டருக்கு ஆள் இருப்பதும் தெரியாது, போனதும் தெரியாது என்றேன். அது எல்லோருக்கும் எப்போதும்போல் பங்கு வைத்துக்கொண்டேயிருக்கும். அவள் பங்கு இப்போதும் மலையேறி எங்கள் வீட்டுக்கு வருகிறது, கழற்றிய கேபிளின் நுனிவரை வருகிறது, வந்து சுவரில் விழுகிறது. ஆபீசிலிருந்து அதைத் திருப்பி வாங்க ஒரு வழியும் இல்லை.

"ஆருக்கும் ஒதவாமயா போவுது?"

"ஆமா."

அவர் முகம் வாடிப்போனது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். "அய்யோ, கஷ்டமாப் போச்சே" என்றார்.